தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை: பதின்ம வயது முதல் இருபதுகள் வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்று சொல்லி வைத்தார்கள். நல்ல சொல்தான். ஆனால் தோளை மட்டும் பார்த்து ஒரு பிள்ளையை எடைபோடுவதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. உயரம் ஒரு வேகத்தில் வருகிறது, எலும்பு இன்னொரு வேகத்தில் இறுகுகிறது, தூக்கம் தன் நேரத்தை மாற்றிக்கொள்கிறது. நிதானமோ எல்லாம் வந்த பிறகு மெதுவாக வந்து சேர்கிறது. ஒரே உடம்புக்குள் இத்தனை கடிகாரங்கள். பெற்றோரும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சில கேள்விகளைக் கேட்கும்போதே குரல் தாழ்ந்துவிடுகிறது. அவற்றுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

பதின்ம வயது எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது?

உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரை வளரிளம் பருவம் என்கிறது. 10 முதல் 24 வரை உள்ளவர்களை இளையோர் என்ற பெரிய குடைக்குள் வைக்கிறது. உடம்பு இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. பெண் குழந்தைகளுக்கு 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையிலும், ஆண் குழந்தைகளுக்கு 9 வயதுக்கும் 14 வயதுக்கும் இடையிலும் எப்போது வேண்டுமானாலும் முதல் அறிகுறி தெரியலாம். அந்த ஐந்து வருட இடைவெளியில் எங்கே தொடங்கினாலும் அது இயல்புதான்.

இதையெல்லாம் தொடங்கி வைப்பது எது?

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறிய பகுதி இருக்கிறது. குழந்தைப் பருவம் முழுக்க அடங்கிக் கிடந்த அது, ஒரு கட்டத்தில் துடிப்புத் துடிப்பாக ஒரு ஹார்மோனை விடத் தொடங்குகிறது. அது பிட்யூட்டரி சுரப்பியை எழுப்ப, பிட்யூட்டரி சூலகத்தையும் விரைகளையும் எழுப்புகிறது. அங்கிருந்து வருபவைதான் ஈஸ்ட்ரோஜனும் டெஸ்டோஸ்டிரோனும்.

இந்தத் துடிப்புகள் முதலில் தொடங்குவது இரவில், பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்போது. வெளியே ஒரு மாற்றமும் தெரியாத நாட்களிலேயே உள்ளே வேலை ஆரம்பமாகிவிடுகிறது. எந்த வயதில் என்பதைப் பெரும்பாலும் மரபணு தீர்மானிக்கிறது. ஊட்டம், உடலில் உள்ள கொழுப்பு, நீண்டநாள் நோய்கள் ஆகியவையும் அதை முன்னே பின்னே தள்ளும்.

என் மகளுக்கு 10 வயதுதான். மார்பில் ஒரு பக்கம் மட்டும் சின்னக் கட்டி மாதிரி இருக்கிறது, தொட்டால் வலிக்கிறது என்கிறாள். பயப்பட வேண்டுமா?

வேண்டாம். அது மார்பு மொட்டு. பெரும்பாலான பெண் குழந்தைகளுக்குப் பருவமடைதலின் முதல் அறிகுறி இதுதான். ஒரு பக்கம் முதலில் வந்து, மறுபக்கம் சில மாதம் கழித்து வருவதும் சகஜம். இது தெரிந்து ஏறத்தாழ இரண்டு, இரண்டரை வருடத்தில் முதல் மாதவிடாய் வரும். அதாவது, அவளிடம் மாதவிடாயைப் பற்றிப் பேச இதுவே சரியான நேரம். முதல் முறை இரத்தத்தைப் பார்க்கும்போது அவளுக்கு அது தெரிந்த விஷயமாக இருக்க வேண்டும். "வரும்போது சொல்லிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடும் அம்மாக்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இதை மட்டும்தான். அப்பாக்களும் தெரிந்துகொள்ளுங்கள். அது வரும் நாளில் வீட்டில் நீங்கள் மட்டும் இருக்கலாம்.

மாதவிடாய் தொடங்கிய பிறகு உயரம் நின்றுவிடுமா?

உடனே நிற்காது. வேகம் குறையும். அதன் பிறகும் பெரும்பாலும் 5 முதல் 7 செ.மீ. வரை வளர்வார்கள். பெண் பிள்ளைகள் மிக வேகமாக வளரும் காலம் மாதவிடாய்க்கு முந்தைய ஒரு வருடத்தை ஒட்டி வருகிறது. நாம் கவனிக்கத் தொடங்கும்போது அது கடந்துவிட்டிருக்கும்.

மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லை. எது இயல்பு, எது இல்லை?

முதல் ஒன்றிரண்டு வருடம் சுழற்சி ஒழுங்காக இருக்காது. மூளைக்கும் சூலகத்துக்கும் இடையே அந்தப் பேச்சுவார்த்தை இன்னும் படியவில்லை, அவ்வளவுதான். இந்த வயதில் 21 நாளுக்கு ஒருமுறை வந்தாலும், 45 நாளுக்கு ஒருமுறை வந்தாலும் இயல்பு. உதிரப்போக்கு 7 நாளுக்குள் நிற்க வேண்டும்.

ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ, 90 நாளுக்கு மேல் வராமல் இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் இரண்டு நாள் அடிவயிறு வலிப்பது சாதாரணம். மாதாமாதம் பள்ளிக்கே போக முடியாமல் சுருண்டு படுக்கும் வலியை "பெண்ணென்றால் தாங்கிக்கொள்ள வேண்டும்" என்று விட்டுவிடக் கூடாது. அதற்குக் காரணமும் இருக்கும், மருந்தும் இருக்கிறது.

என் மகனுக்கு 13 வயது. கூடப் படிக்கும் பையன்களுக்கு மீசை அரும்பிவிட்டது. இவன் இன்னும் குழந்தை மாதிரி இருக்கிறான். ஏதாவது குறையா?

ஆண் பிள்ளைகளில் முதல் மாற்றம் மீசையோ குரலோ அல்ல. விரைகள் பெரிதாவதுதான் முதலில் நடக்கிறது. அது யார் கண்ணுக்கும் தெரியாது. அதற்குப் பிறகு முடி, ஆணுறுப்பின் வளர்ச்சி, உயர வேகம், குரல். மீசை பிந்திதான் வரும். ஆகவே, "இன்னும் ஒன்றும் ஆகவில்லை" என்று நாம் நினைக்கும் பையனுக்கு உள்ளே எல்லாம் தொடங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். 14 வயது முடிந்தும் ஒரு அறிகுறியும் இல்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். அப்போதும் பெரும்பாலும் காரணம் தாமதமாக ஓடும் கடிகாரம்தான். அப்பாவோ மாமாவோ கல்லூரி சேர்ந்த பிறகு உயர்ந்தவராக இருந்திருப்பார்.

இதில் உண்மையான வலி வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் இரண்டு 13 வயதுப் பையன்கள். ஒருவனுக்குக் குரல் கட்டை, தோள் அகலம். மற்றவன் அவன் மார்பளவுதான். சிறியவனைக் கூட இருப்பவர்கள் கேலி செய்வார்கள். பெரியவனின் நிலைமையும் சுகமில்லை. எல்லா ஆசிரியரும் அவனிடம் 17 வயதுப் பொறுப்பை எதிர்பார்ப்பார்கள், தவறு செய்தால் இரட்டிப்பாகத் திட்டுவார்கள். அவன் மனசுக்கு இன்னும் 13 வயதுதான். சீக்கிரம் பருவமடையும் பெண் குழந்தைகளுக்கும் இதே கதைதான். உடம்பைப் பார்த்துப் பெரியவர்கள் பேச்சு மாறுகிறது, தெருவில் பார்வைகள் மாறுகின்றன, உள்ளே இருப்பவளுக்கு இன்னும் விளையாட்டு முடியவில்லை.

திடீரென்று எதையாவது தட்டிவிடுகிறான், இடித்துக்கொள்கிறான். கவனக்குறைவா?

முதலில் செருப்பு அளவைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு முன் வாங்கியது கடிக்கிறதா? பதில் அங்கே இருக்கிறது. இந்த வளர்ச்சி ஓரங்களிலிருந்து உள்ளே வருகிறது. முதலில் பாதமும் கையும், பிறகு கால்களும் கைகளும், கடைசியில் உடற்பகுதி. உச்ச வேகத்தில் பையன்கள் வருடத்துக்கு 9, 10 செ.மீ. வரை வளர்கிறார்கள். பெண்கள் கொஞ்சம் குறைவாக, ஆனால் ஏறத்தாழ இரண்டு வருடம் முன்பாகவே.

சாப்பாட்டு மேசையில் தண்ணீர் டம்ளரை எடுக்கக் கை நீட்டுகிறான். அவன் மூளையிடம் இருப்பது போன வருடக் கையின் அளவு. இந்த வருடக் கை இரண்டு விரற்கடை முன்னதாகவே போய் டம்ளரைத் தட்டிவிடுகிறது. அதற்குத் திட்டு வாங்கும்போது அவனுக்கே புரியவில்லை, எப்படி விழுந்தது என்று. துணியை எடுத்துக் கொடுங்கள், துடைக்கட்டும், போதும்.

தம்பி ஒருவர் கேட்டது: எனக்கு 14 வயது. மார்பு லேசாக வீங்கியிருக்கிறது. பெண்கள் மாதிரி ஆகிவிடுவேனா?

ஆகமாட்டாய் தம்பி. உன் வயதில் ஏறத்தாழ பாதிப் பையன்களுக்கு இது வருகிறது. யாரும் வெளியே சொல்வதில்லை, அதனால் உனக்கு மட்டும் என்று நினைக்கிறாய். ஹார்மோன்களின் விகிதம் படியும்வரை மார்புத் திசு கொஞ்சம் தடிக்கும். பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு வருடத்துக்குள் தானாக வடிந்துவிடும். மிகவும் பெரிதானாலோ, காம்பிலிருந்து நீர் வந்தாலோ மருத்துவரிடம் காட்டு. அதுவரை கூன் போட்டு நடக்காதே.

தூக்கத்தில் விந்து வெளியேறுகிறது. உடம்பு பலவீனமாகிவிடும் என்கிறார்களே?

இல்லை. இது நோய் இல்லை, இதனால் எந்தச் சத்தும் போவதில்லை, நரம்பும் தளராது, நினைவாற்றலும் குறையாது. விந்து உடம்பில் தொடர்ந்து உற்பத்தியாகிக்கொண்டே இருப்பது. தூக்கத்தில் வெளியேறுவது பருவமடைந்ததன் ஒரு அடையாளம். அடிக்கடி நடந்தாலும் சரி, நடக்கவே நடக்காவிட்டாலும் சரி, இரண்டும் இயல்பு. இந்தப் பயத்தை வைத்தே மருந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். எத்தனையோ பிள்ளைகள் கூச்சத்தோடு சேர்த்துப் பணத்தையும் அவர்களிடம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கூச்சமே கூடாது. விரையில் திடீரென்று கடும் வலி வந்தால் அந்த நிமிடமே வீட்டில் சொல்லிவிட வேண்டும். விரை முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். இது பதின்ம வயதில்தான் அதிகம் நடக்கிறது. ஆறு மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போனால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தால் அதை இழக்க நேரலாம். இதைப் படிக்கும் அப்பாக்கள் இன்றைக்கே மகனிடம் சொல்லிவிடுங்கள்.

முகப்பரு?

ஹார்மோன் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகிறது, துளை அடைபடுகிறது, கிருமி சேர்கிறது. அழுக்கால் வருவதில்லை, அதனால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் மோசமாகும். கிள்ளினால் தழும்பு. எந்தச் சிகிச்சையும் பலன் காட்ட 6 முதல் 8 வாரம் ஆகும். பத்து நாளில் விட்டுவிட்டு அடுத்த களிம்புக்குத் தாவுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. ஆழமாக, வலியோடு, கட்டி கட்டியாக வந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு பருவுக்காகக் கல்யாண வீட்டுக்கே வரமாட்டேன் என்கிறாள். இவ்வளவு அலட்டல் எதற்கு?

அவள் பொய்யாக அலட்டவில்லை. எல்லோரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதாக அவளுக்கு உண்மையாகவே தோன்றுகிறது. உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967இல் இதற்குக் கற்பனைப் பார்வையாளர்கள் என்று பெயர் வைத்தார். கண்ணாடி முன் நிற்கும் அவளுக்குப் பின்னால் நாம் பார்ப்பது காலியான அறை. அவள் பார்ப்பது நிரம்பி வழியும் அரங்கம். "யார் உன்னைப் பார்க்கப் போகிறார்கள்" என்று நாம் ஆறுதலாகச் சொல்வது அவள் காதில் "நீ ஒரு பொருட்டே இல்லை" என்று விழும். "சங்கடமாகத்தான் இருக்கும், கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்துவிடலாமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

இரவு ஒரு மணி வரை விழித்திருக்கிறான், காலையில் எழுப்பவே முடியவில்லை. சோம்பேறித்தனம்தானே?

முழுக்க அவன் குற்றம் இல்லை. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் பதின்ம வயதில் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிச் சுரக்கிறது. பத்து வயதில் ஒன்பது மணிக்குக் கண் சொருகிய அதே பிள்ளைக்கு இப்போது பதினொரு மணிக்கும் தூக்கம் வருவதில்லை. ஆனால் தேவை குறையவில்லை. 13 முதல் 18 வயது வரை இரவில் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும். பள்ளி மணி அதே நேரத்தில் அடிக்கிறது. கணக்கு எங்கே இடிக்கிறது என்று தெரிகிறது அல்லவா?

கைபேசி இதை இன்னும் மோசமாக்குகிறது. வெளிச்சமும் ஒரு காரணம், உள்ளே ஓடும் பேச்சு அதைவிடப் பெரிய காரணம். இரவில் கைபேசிகள் எல்லாம் கூடத்தில் சார்ஜ் ஏறட்டும். எல்லாம் என்றால் உங்களுடையதும்தான். விடுமுறையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்க விடுங்கள். மதியம் வரை விட்டால் கடிகாரம் இன்னும் தள்ளிப்போகும்.

புத்திசாலிப் பையன். தனியாக இருந்தால் நிதானமாக யோசிக்கிறான். நண்பர்களோடு சேர்ந்தால் மட்டும் ஏன் இப்படி?

நீங்கள் கவனித்தது ஆராய்ச்சியிலும் வந்திருக்கிறது. மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் 2005இல் ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டை வைத்துப் பார்த்தார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள், 18 முதல் 22 வரை உள்ளவர்கள், 24க்கு மேற்பட்டவர்கள் என்று மூன்று குழு. தங்கள் வயது நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது சிறியவர்கள் துணிந்து எடுத்த ஆபத்துகள் வெகுவாகக் கூடின. பெரியவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை.

காரணம் மூளை வளரும் வரிசையில் இருக்கிறது. ஆறு வயதுக்குள் மூளை ஏறத்தாழ முழு அளவை எட்டிவிடும். அதன் பிறகு நடப்பது செப்பனிடும் வேலை. பயன்படாத இணைப்புகள் கழிக்கப்படுகின்றன, பயன்படும் பாதைகளுக்கு உறை போடப்பட்டுச் செய்தி வேகமாக ஓடுகிறது. இந்த வேலை மூளையின் பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி நகர்கிறது. ஆசை, பரபரப்பு, பாராட்டு ஆகியவற்றுக்குத் துள்ளும் பகுதிகள் பருவமடைதலோடு விழித்துவிடும். நெற்றிக்குப் பின்னால் இருந்துகொண்டு "கொஞ்சம் பொறு" என்று சொல்லும் முன்மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை படிந்துகொண்டே இருக்கும். 25 வயதுப் பிறந்தநாளில் சட்டென்று முடிவதில்லை. எல்லோரும் 25 என்று சொல்வதால் அப்படி ஒரு எண்ணம் பரவிவிட்டது.

அவனுக்கு அபாயம் தெரியாமல் இல்லை. கேட்டால் உங்களைவிட நன்றாகச் சொல்வான். அந்த நிமிடத்தில், அந்தக் கூட்டத்தில், தெரிந்தது கைக்கு வருவதில்லை. அதனால் அறிவுரையைவிட முன்னேற்பாடு அதிகம் உதவும். "எந்த நேரமானாலும் போன் செய், கேள்வி கேட்காமல் வந்து கூட்டிப்போகிறேன், மறுநாள் பேசிக்கொள்ளலாம்" என்று ஒரு ஒப்பந்தம் போட்டு வைத்திருங்கள். அவன் உண்மையிலேயே கூப்பிடும் இரவில் வண்டியில் வாயைத் திறக்காமல் ஓட்டி வருவதுதான் உங்கள் பங்கு. அது லேசான காரியமல்ல.

இதே மூளைதான் ஒரு கருவியை மூன்றே மாதத்தில் கற்கிறது, நண்பனுக்கு ஒன்று என்றால் ராத்திரியே ஓடுகிறது, அநியாயத்தைக் கண்டால் கொதிக்கிறது. குறைகளை மட்டும் பேசுவது நியாயமில்லை என்பதால் சொல்கிறேன்.

எதைக் கேட்டாலும் "ஒன்றுமில்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். முன்பு மாதிரி பேச வைப்பது எப்படி?

முன்பு மாதிரி பேச மாட்டாள். வேறு மாதிரி பேசுவாள். தனி அறை, தனி ரகசியம், உங்களுக்குப் பிடிக்காத பாட்டு எல்லாமே "நான் யார்" என்று தேடுவதன் பகுதி. உங்களிடமிருந்து கொஞ்சம் தள்ளி நின்றால்தான் அது அவளுக்குத் தெரியும்.

எதிரே உட்கார வைத்துக் கண்ணைப் பார்த்துக் கேட்டால் விசாரணை மாதிரி இருக்கும். பக்கவாட்டில் இருக்கும்போதுதான் பேச்சு வருகிறது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அவள் பக்கத்தில் நின்று துடைத்து அடுக்குகிறாள். பத்து நிமிடம் மௌனம். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "அவள் என்னோடு பேசுவதில்லைம்மா" என்கிறாள். இந்த இடத்தில்தான் நாம் பெரும்பாலும் கெடுத்துவிடுகிறோம். யார், ஏன், நீ என்ன செய்தாய் என்று தொடங்கிவிடுவோம். குழாயை மூடாமல், தேய்ப்பதை நிறுத்தாமல், "அப்படியா, கஷ்டமாக இருக்குமே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அடுத்த வாக்கியம் அவளுடையதாக இருக்கட்டும்.

வயதுக்கே உரிய சோர்வா, மனச்சோர்வு நோயா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வயதுக்குரிய சோர்வு வரும், போகும். காலையில் அழுதவள் மாலையில் சிரிப்பாள். இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில் ஒரே வாட்டமாக, அல்லது ஓயாத எரிச்சலாக இருந்தால் கவனியுங்கள். பதின்ம வயதில் மனச்சோர்வு சோகமாகத் தெரியாமல் கோபமாகவும் தெரியும். பிடித்த விளையாட்டை விடுவது, நண்பர்களையும் தவிர்ப்பது, சாப்பாடும் தூக்கமும் அடியோடு மாறுவது, மதிப்பெண் சரிவது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி" என்ற மாதிரிப் பேச்சு ஆகியவை வந்தால் காத்திருக்காதீர்கள். மனநலக் கோளாறுகளில் ஏறத்தாழ பாதி 18 வயதுக்குள்ளேயே தொடங்குகின்றன. சீக்கிரம் பார்த்தால் சீக்கிரம் சரியாகும் வாய்ப்பு அதிகம்.

"சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. கேட்டதும் பிள்ளையின் தோள் இறங்குவதைப் பார்ப்பீர்கள், யாரோ ஒருவர் கேட்டுவிட்டார்கள் என்று. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். மாத்திரை, கூர்மையான பொருட்களை எடுத்து வையுங்கள், அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

18 வயதோடு உடல் வளர்ச்சி முடிந்துவிடுகிறதா?

உயரம் பெரும்பாலும் முடிந்துவிடும். மற்றவை நடந்துகொண்டே இருக்கின்றன. ஆண்களுக்குத் தசையும் தாடியும் இருபதுகளில் நிரம்பும். கடைவாயின் ஞானப்பல் 17 முதல் 25 வயதுக்குள் வரும். உச்ச எலும்பு அடர்த்தியில் 90 சதவீதம் வரை பெண்களுக்கு 18 வயதிலும் ஆண்களுக்கு 20 வயதிலும் சேர்ந்துவிடுகிறது, மீதி இருபதுகளில். முதுமையில் இந்தச் சேமிப்பிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்க வேண்டும். ஓடி ஆடாமல், பட்டினி கிடந்து மெலியும் 16 வயதுப் பிள்ளையைப் பார்த்தால் எனக்கு முதலில் எலும்புதான் நினைவுக்கு வரும்.

எனக்கு 23 வயது. வேலைக்குப் போகிறேன். ஆனால் இன்னும் பெரியவனாக உணரவே இல்லை. எல்லோரும் முன்னே போய்விட்ட மாதிரி இருக்கிறது. என்னிடம் ஏதோ குறையா?

இல்லை. உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000ஆம் ஆண்டில் 18 முதல் 25 வரையுள்ள காலத்தைத் தனியாகவே ஒரு பருவமாகப் பார்க்க வேண்டும் என்று எழுதினார். அந்த வயதினரிடம் "நீங்கள் பெரியவராகிவிட்டீர்களா?" என்று கேட்டபோது பலர் சொன்ன பதில், "சில விஷயத்தில் ஆம், சில விஷயத்தில் இல்லை." உங்களுக்குத் தோன்றுவதும் அதுதான். எலும்புக்கூட்டிலேயே இன்னும் பாக்கி இருக்கிறது. காரை எலும்பு நெஞ்செலும்போடு சேரும் முனை, உடம்பில் கடைசியாக இறுகுவது, பலருக்கு இருபதுகளின் நடுவில்தான் இறுகுகிறது.

முன்னே போய்விட்டதாகத் தெரியும் நண்பர்களின் படங்களைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள், அவர்களின் ராத்திரிகளைப் பார்ப்பதில்லை. பெரியவராவது என்றால் என்ன என்று கேட்டால் அந்த வயதினர் கல்யாணத்தையோ பட்டத்தையோ முதலில் சொல்வதில்லை. தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்பது, தானாக முடிவெடுப்பது, தன் செலவைத் தானே பார்ப்பது, இந்த மூன்றைத்தான் சொல்கிறார்கள். மூன்றும் பழகப் பழக வருபவை. தள்ளிப்போட்ட ஒரு காரியத்தை இந்த மாதம் எடுங்கள். பல் மருத்துவரிடம் நீங்களே நேரம் கேட்டு வாங்குவதோ, வாடகை ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை படித்துக் கையெழுத்திடுவதோ எதுவானாலும் சரி. நடுவில் புரியவில்லை என்றால் வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.